குடலின் தூதைக் கண்டறிந்த பேராசிரியர் ஸ்டார்லிங்

பொருள்வயிற் பிரிவு என்பது தமிழர்க்கு நன்கு பழகிய செய்தி. சொந்த ஊரை விட்டு மட்டாஞ்சேரிக் கடைத்தெருவுக்கும், பின்னர்ப் படகேறி வைப்பின் தீவுக்கும் வந்து குடியேறிய நம் முன்னோர் அதன் துயரை நேரில் அறிந்தவர்கள். மனையாளும் மக்களும் ஊரில் இருப்பர். குடும்பத் தலைவர் இங்கே கணக்கெழுதிப் பொருள் அனுப்புவார். மக்கள் வளர்வதைக் கடிதத்திலேயே கண்டு களிப்பார். ஈண்டு யாம் கூறப்புகும் பேரறிஞரின் இளமையும் அத்தகைய வீட்டிலேயே கழிந்தது. அவர் தமிழர் அல்லர், இந்தியரும் அல்லர். எனினும் அவர் வீட்டு உலையில் அரிசி வேகச் செய்தது நம் நாட்டு மேலைக் கடற்கரையில் ஈட்டிய பொருளே.

எர்னஸ்ட் ஹென்றி ஸ்டார்லிங் 1866ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 17ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர், பம்பாய் நீதிமன்றத்தில் அரசின் அலுவலராகப் பணியாற்றியவர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே கப்பலேறி இல்லம் வந்து சென்றார். மக்கள் எழுவர், அவருள் மூத்தவர் எர்னஸ்ட். எழுவரையும் வளர்த்து ஆளாக்கும் பொறுப்புப் பெரும்பாலும் அன்னையார் மீதே விழுந்தது. வைப்பினில் எத்தனை வீடுகளில் இக்கதை நடந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், இலண்டன் அவ்வளவு தொலைவில் இல்லை என்று தோன்றும்.

இவரைப் பற்றி இம்மலரில் எழுத வேண்டிய காரணம் ஒன்றுண்டு. நம் சங்கத்து அன்பர் ஒருவரின் தாயார்க்கு நீண்ட நாளாக நீரிழிவு. அண்மையில் கைந்நடுக்கமும் சேர்ந்து, அது பார்க்கின்சன் நோய் எனப்படும் நடுக்குவாதம் என்று மருத்துவர் கூறிவிட்டார். வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் புதிய ஊசி ஒன்று சர்க்கரையைக் குறைப்பதோடு மூளையையும் காக்குமாமே, அதை வாங்கிப் போடலாமா என்று அன்பர் எம்மை வினவினார். யாம் மருத்துவர் அல்லேம். ஆதலின் அவர்க்கு மறுமொழி தேடி நூல்களைப் புரட்டத் தொடங்கினோம். தேடல் எம்மை அழைத்துச் சென்று நிறுத்திய இடம் 1902ஆம் ஆண்டில் ஸ்டார்லிங்கின் ஆய்வுக்கூடம். அன்பரின் வினா நம்மிற் பலர்க்கும் உரியது. 2023ஆம் ஆண்டு வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வின்படி நாட்டில் நீரிழிவுற்றோர் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர். கேரளத்திலோ வயதுவந்தோருள் நூற்றுக்கு 25 பேர்க்கு மேல் அந்நோய் உடையவர். ஓணத்துப் பாயசத்தை இலையில் வார்க்குமுன் இருமுறை கேட்டு வார்க்கும் காலம் இது.

ஸ்டார்லிங் 1882இல் இலண்டன் கைஸ் மருத்துவமனையில் மாணவராகச் சேர்ந்தார். இடையே செருமனி சென்று ஹைடல்பர்க் நகரிற் சிறிது காலம் கற்றார். நோயாளியின் படுக்கைக்கு அருகில் நிற்பதினும் உடல் எவ்வாறு இயங்குகிறது என்று ஆராய்வதிலேயே அவர் மனம் தோய்ந்தது. 1889இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1891இல் புளோரன்ஸ் என்னும் அம்மையாரை மணந்தார். இவ்வம்மையார் உடலியல் அறிஞர் ஊல்டிரிட்ஜின் கைம்பெண். கைம்பெண் மறுமணத்திற்கு 1856இலேயே சட்டம் இயற்றிய நம் நாட்டில் அக்காலத்தில் அதைச் செய்யத் துணிந்தோர் எத்தனை பேர் என்பதை வாசகர் அறிவர்.

அவர் வாழ்விற் புகுந்த மற்றோர் உறவும் குறிப்பிடத் தக்கது. வில்லியம் பெய்லிஸ் என்பார் செல்வக் குடியிற் பிறந்தவர், ஸ்டார்லிங்கினும் ஆறாண்டு மூத்தவர், அமைதியே உருவானவர், நூல் பல கற்றவர். ஸ்டார்லிங்கோ விரைவே உருவானவர். எண்ணியதை உடனே செய்து பார்க்கத் துடிப்பவர். பேச்சிற் கூர்மையும் சிலவேளை முள்ளும் உடையவர். இவ்விருவரும் 1890 முதல் இணைந்து ஆராயத் தொடங்கினர். 1893இல் பெய்லிஸ் ஸ்டார்லிங்கின் தங்கை கெர்ட்ரூடை மணந்து மைத்துனரும் ஆயினார். மைத்துனர் இருவர் ஒரு தொழிலிற் கூட்டுச் சேர்ந்தால் கடை எத்தனை நாள் நிலைக்கும் என்பதை மட்டாஞ்சேரி வணிகரைக் கேட்டால் தெரியும். இவர்தம் கூட்டுறவோ முறியாது நிலைத்தது. 1899இல் ஸ்டார்லிங் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் உடலியற் பேராசிரியராக அமர்ந்தார். அவ்வாண்டே ராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார்.

இனி 1902ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 16ஆம் நாளுக்கு வருவோம். நாம் உண்ட உணவு இரைப்பையிற் புளிப்பேறிச் சிறுகுடலிற் புகுந்தவுடன், சற்றே தள்ளியிருக்கும் கணையம் தன் செரிமான நீரைச் சுரக்கின்றது. உணவு வந்துவிட்டது என்று கணையத்திற்கு உரைத்தவர் யார்? உருசியப் பேரறிஞர் பாவ்லோவ் இதற்கு விடை கூறியிருந்தார்: நரம்பே உரைக்கின்றது, தந்திக் கம்பியைப் போல. உலகம் அதை ஏற்றிருந்தது. மைத்துனர் இருவரும் அதனைச் சோதிக்கக் கருதினர். மயக்கமுற்ற நாயொன்றின் சிறுகுடலில் ஒரு துண்டத்தை இருபுறமும் கட்டி, அதற்குச் செல்லும் நரம்புகளை யெல்லாம் அறுத்தனர். இரத்தக் குழாய்கள் மட்டுமே எஞ்சின. பின்னர் அத்துண்டத்தினுள் அமிலத்தைச் செலுத்தினர். தந்திக் கம்பி அறுந்தது. செய்தி போகாது என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் கணையம் முன்போலவே சுரந்தது.

அங்ஙனமாயின் செய்தி இரத்தத்தின் வழியாகவே சென்றிருத்தல் வேண்டும். இதை நொடியில் உணர்ந்த ஸ்டார்லிங், குடலின் உட்படலத்தைச் சுரண்டி எடுத்து, மணலும் அமிலமும் இட்டு அரைத்து வடிகட்டி, அச்சாற்றை நாயின் கழுத்து நாளத்திற் செலுத்தினார். சற்று நேரத்தில் கணையம் முன்னினும் மிகுதியாகச் சுரந்தது. அருகிருந்து கண்டவர் மார்ட்டின் என்னும் அறிஞர். ஒரு பிற்பகலுக்குள் உடலியலில் புதிய இயல் ஒன்று பிறந்துவிட்டது. அச்சாற்றிலுள்ள பொருளுக்குச் செக்ரிடின் என்று பெயரிட்டனர்.

தமிழ்ப் புலவர்கள் அன்னத்தையும் முகிலையும் தூது விட்டனர். தமிழையே தூதாக விட்ட நூலும் நமக்குண்டு. ஓருறுப்பு மற்றோர் உறுப்புக்கு இரத்த ஆற்றின் வழியே தூது விடுகின்றது என்பதை முதன்முதற் கண்டவர் இவர்களே. அத்தூதுப் பொருள்களுக்குப் பொதுப்பெயர் ஒன்று வேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜில் நண்பருடன் உரையாடுகையில் கிரேக்க மொழி வல்லார் ஒருவர் தூண்டுதல் என்னும் பொருளுடைய வேர்ச்சொல்லைச் சுட்டினார். 1905ஆம் ஆண்டு மருத்துவர் கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவில் ஸ்டார்லிங் ஹார்மோன் என்னும் சொல்லை முதன்முதல் வழங்கினார். நம் பாடநூல்கள் அதனை இயக்குநீர் என்று அழகுறத் தமிழாக்கின.

பாவ்லோவைப் பற்றியும் ஒருசொல். நரம்பே அனைத்தையும் ஆள்கிறது என்று வாழ்நாளெல்லாம் கற்பித்தவர் அவர். செய்தி கேட்டதும் தம் ஆய்வுக்கூடத்தில் அச்சோதனையைச் செய்வித்து நின்று பார்த்தார். ஒன்றும் பேசாது தம் அறைக்குட் சென்றார். அரைமணி நேரம் கழித்து வெளிவந்து, இலண்டனார் கூற்றே சரி என்றும், உண்மையைக் கண்டறியும் உரிமை நமக்கு மட்டுமே உரியதன்று என்றும் கருத்துப்பட உரைத்தாராம். 1904இல் நோபெல் பரிசு பெற்றவரும் அவரே. ஸ்டார்லிங்குக்கு அப்பரிசு கடைசிவரை கிட்டவில்லை. எமக்கென்னவோ பரிசினும் அவ்வரைமணி நேரமே பெரிதாகத் தோன்றுகிறது.

இவர் வரலாற்றில் மறைக்கத் தகாத பகுதி ஒன்றுண்டு. 1903ஆம் ஆண்டு பிப்ரவரியிற் பல்கலைக்கழகக் கல்லூரியில் மாணவர் முன்னிலையிற் பழுப்பு நிற நாய் ஒன்றைக் கொண்டு பெய்லிஸ் செயல்முறை விளக்கம் காட்டினார். அதனைக் கண்ட சுவீடன் நாட்டுப் பெண்மணியர் இருவர், நாய் முழுதும் மயக்கமுறவில்லை என்று எழுதினர். உயிர்வதை எதிர்ப்புச் சங்கச் செயலாளர் ஒருவர் அதை மேடையில் முழங்கினார். பெய்லிஸ் மானநட்ட வழக்குத் தொடுத்து 2000 பவுன் இழப்பீடு பெற்று, அதனைக் கல்லூரி ஆராய்ச்சிக்கே ஈந்தார். எனினும் வழக்கின்போது, அதே நாயை முன்னரும் ஓர் ஆய்வுக்குப் பயன்படுத்தியதாக ஸ்டார்லிங் கூண்டில் நின்று ஒப்புக்கொண்டார். இரு நாய்களைக் கொல்லாதிருக்கவே அவ்வாறு செய்ததாக விளக்கினார். ஆயினும் அது சட்டத்திற்கு முரணே. 1906இல் பாட்டர்சியில் அந்நாய்க்குச் சிலை எழுந்தது; மருத்துவ மாணவர் கலகம் செய்தனர்; 1910இல் சிலை அகற்றப்பட்டது; 1985இல் வேறொரு சிலை நிறுவப்பட்டது. கொல்லாமையைத் தலையாய அறமாகப் போற்றும் மரபில் வந்த நமக்கு இது நெஞ்சை உறுத்தும். இன்று நீரிழிவுக்கு நாம் போட்டுக்கொள்ளும் ஊசியின் பின்னால் அந்நாய்களும் நிற்கின்றன. அவ்வளவே எம்மாற் கூற இயல்வது.

கணையத்துக்குச் செரிமான நீர் ஒரு தொழில். சர்க்கரையை ஆள்வது மற்றொரு தொழில். கணையத்தை நீக்கினால் நீரிழிவு தோன்றும் என்பது 1889இல் செருமனியிற் கண்டறியப்பட்டிருந்தது. குடலின் தூது முதல் தொழிலைத் தூண்டுமாயின் இரண்டாவதையும் தூண்டலாமன்றோ? இவ்வெண்ணம் பலர்க்கும் எழுந்தது. 1906இல் லிவர்ப்பூல் நகரில் பெஞ்சமின் மூர் முதலியோர் குடற்படலச் சாற்றை நீரிழிவு நோயாளர்க்குக் குடிக்கக் கொடுத்தனர். சிலரிடம் நற்பயன் கண்டதாக எழுதினர். பின்னர் அது உறுதிப்படவில்லை. ஆயினும் குடல் இயக்குநீரால் நீரிழிவை ஆற்ற முயன்ற முதல் முயற்சி அதுவே.

ஸ்டார்லிங்கும் நீரிழிவின் வாயிலில் வந்து நின்றார். 1912இல் நோல்டன் என்பாருடன் சேர்ந்து, நீரிழிவுற்ற நாயின் இதயம் சர்க்கரையைக் குறைவாகவே எரிக்கின்றது என்றும், கணையச் சாறு சேர்த்தால் அக்குறை நீங்குகின்றது என்றும் வெளியிட்டார். இன்சுலின் காணப்படுவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னர்! அதே முடிவைப் பற்றிக்கொண்டு மேடைதோறும் முழங்கியிருக்கலாம். அவர் செய்தது வேறு. மறு ஆண்டே பேட்டர்சன் என்னும் உடனாய்வாளருடன் சோதனைகளை மீண்டும் செய்து, முந்திய முடிவு நிலைக்கவில்லை என்று தாமே அச்சிட்டு வெளியிட்டார். 1921, 22ஆம் ஆண்டுகளில் கனடாவின் டொராண்டோ நகரத்தார் இன்சுலினைக் கண்டு உலகை வியப்பில் ஆழ்த்தியபோது ஸ்டார்லிங் உயிரோடிருந்தார். தாம் தட்டிய கதவு சரியானதே என்று அப்போது அவர் எண்ணியிருப்பாரோ!

இதய ஆராய்ச்சியே இவர்க்குப் பெரும்புகழ் ஈந்தது. இதயத்தின் தசை எவ்வளவுக்கு விரிந்து நிரம்புகிறதோ அவ்வளவுக்கு வலிமையுடன் சுருங்கும் என்னும் விதி இன்றும் இவர் பெயரால் வழங்குகின்றது. மருத்துவக் கல்லூரியிற் பயிலும் நம் பிள்ளைகள் அதனை ஒப்பிப்பதைக் கேட்கலாம். முதல் உலகப் போரில் நச்சுப்புகையினின்று படைவீரரைக் காக்கும் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். மேலதிகாரிகளின் அறியாமையை அவர்கள் முகத்துக்கு நேரே எடுத்துரைத்தமையால் அவர்தம் பகையைத் தேடிக்கொண்டார். பின்னர் நாட்டு மக்களின் உணவுப் பங்கீடு பற்றி ஆராயும் குழுவில் தொண்டாற்றினார்.

1920இல் பெருங்குடலிற் புற்று தோன்றி அறுவை செய்யப்பட்டது. குடலின் மறைபொருளை உலகுக்கு உணர்த்தியவரைக் குடல்நோயே பற்றியது. அறுவைக்குப் பின்னும் ஓயாது உழைத்தார். 1924இல் பெய்லிஸ் மறைந்தார். 1927இல் உடல்நலம் நாடி, மேற்கிந்தியத் தீவுகளுக்குச் செல்லும் வாழைப்பழக் கப்பல் ஒன்றில் துணையின்றிப் பயணம் புறப்பட்டார். மே மாதம் 2ஆம் நாள் கப்பல் சமேக்காவின் கிங்ஸ்டன் துறையை அடையும் வேளையில் உயிர் பிரிந்திருந்தது. வயது 61. அத்தீவிலேயே அடக்கம் செய்தனர். கடல் கடந்த தந்தையைப் பார்த்து வளர்ந்தவர், தாமும் கடல் கடந்த மண்ணில் உறங்குகின்றார்.

அவர் விட்டுச்சென்ற கேள்வி உறங்கவில்லை. 1932இல் பெல்சிய நாட்டு லா பார், சர்க்கரையை ஆளும் குடற்பொருளுக்கு இன்கிரெட்டின் என்று பெயரிட்டார். ஆயினும் இன்சுலின் கைவந்துவிட்டமையால் குடலை நாடுவார் அரிதாயினர். 1964இல் ஓர் உண்மை வெளிப்பட்டது: ஒரே அளவு சர்க்கரையை நாளத்திற் செலுத்துவதினும் வாய்வழி உண்டாற் கணையம் மிகுதியாக இன்சுலின் சுரக்கின்றது. பாயசம் வயிற்றில் இறங்கியதுமே குடல் கணையத்துக்குத் தூது விட்டுவிடுகின்றது என்பது இதன் பொருள். அத்தூதருள் தலையாயது ஜி.எல்.பி.-1 என்னும் இயக்குநீர். 1980களில் ஹாபனர், ஸ்வெத்லானா மோய்சோவ், டென்மார்க்கின் ஹோல்ஸ்ட் முதலியோர் அதன் திறனை நிறுவினர். அமைப்பால் அது செக்ரிடினின் உறவு, ஒரே குடும்பம்.

இத்தூதன் சில நிமிடமே வாழ்பவன்; உடலிலுள்ள நொதியம் ஒன்று அவனை அழித்துவிடும். அந்நொதியத்தைத் தடுக்கும் மாத்திரைகளே சிடாகிளிப்டின், வில்டாகிளிப்டின் முதலியன. நம்மிற் பலர் நாள்தோறும் இவற்றை விழுங்குகின்றோம். ஸ்டார்லிங்கின் பேரப்பிள்ளைகளை விழுங்குகின்றோம் என்று அறியோம். எளிதில் அழியாத தூதனை அமெரிக்கப் பாலைநிலத்து நச்சுப் பல்லியின் உமிழ்நீரில் ஜான் எங் என்பார் 1992இல் கண்டார். பல்லி விழும் பலன் பார்க்கும் நமக்கு இது வியப்பன்று போலும்! அதினின்று பிறந்த எக்சனடைடு 2005இல் அமெரிக்காவில் மருந்தாயிற்று. பின்னர் வாரம் ஒருமுறை போடும் செமாக்ளுடைடும், இரு தூதரின் வேலையை ஒருங்கே செய்யும் டிர்செபடைடும் வந்தன. பின்னது 2025 மார்ச்சில் இந்தியக் கடைகளுக்கும் வந்தது. இவை உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையைக் குறைக்கும், பசியைத் தணிக்கும், எடையைக் குறைக்கும். குமட்டலும் வாந்தியும் பலர்க்கு உண்டு. முதல் வகை நீரிழிவுக்கு இவை இன்சுலினுக்கு மாற்றாகா.

இனி மூளையைப் பற்றிய வினா. ஜி.எல்.பி.-1 ஏற்கும் வாயில்கள் மூளையிலும் உள்ளன. விலங்குகளில் இம்மருந்துகள் நரம்பணுக்களைக் காத்தன. ஆதலின் நம்பிக்கை எழுந்தது நேர்மையானதே. ஸ்டார்லிங் பணியாற்றிய அதே இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நடுக்குவாதத்தார் 62 பேர்க்கு எக்சனடைடு சோதிக்கப்பட்டு, 2017இல் நற்குறி தெரிந்தது. பிரான்சு நாட்டில் 156 பேரிடம் லிக்சிசெனடைடு என்னும் மற்றொரு மருந்தைச் சோதித்து 2024இல் வெளியிட்டனர். ஓராண்டில் நோய் முன்னேறாது நின்றதாகத் தெரிந்தது. ஆனால் ஏறத்தாழப் பாதிப்பேர்க்குக் குமட்டல். செய்தித்தாள்கள் இவற்றையே பெரிதாக வெளியிட்டன. அன்பர் படித்ததும் இவற்றையே.

அதன்பின் வந்தவை சிறிய எழுத்தில் அச்சாயின. இலண்டனார் நின்றுவிடவில்லை. 194 பேரிடம், 96 வாரங்கள், மீண்டும் சோதித்தனர். மருந்து பெற்றார்க்கும் வெறும் ஊசி பெற்றார்க்கும் வேறுபாடில்லை என்று 2025 பிப்ரவரியில் அவர்களே அறிவித்தனர். 1912இல் சொன்னதை 1913இல் மாற்றிச் சொன்னவரின் கல்லூரி அன்றோ! அல்சைமர் என்னும் மறதிநோயின் தொடக்க நிலையிலிருந்த 3808 பேரிடம் செமாக்ளுடைடு மாத்திரையைச் சோதித்த இரு பேராய்வுகளும் நோயின் போக்கைத் தணிக்கவில்லை என்று 2025 நவம்பரில் தெரிந்தது. ஆராய்ச்சி முடிந்துவிடவில்லை, மூளைக்குள் நன்கு புகும் வேறு மருந்துகளைத் தேடுகின்றனர்.

இவற்றை யெல்லாம் தொகுத்து அன்பரிடம் கூறினோம். அவர் தாயாரை மீண்டும் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். அம்மையார் முன்னமே மெலிந்த உடலினர்; பசியைக் குறைக்கும் ஊசி அவர்க்குத் தீங்கே செய்யும் என்று மருத்துவர் தடுத்துவிட்டார். நடுக்கத்திற்கு முன்பே எழுதிய மாத்திரையின் வேளைகளை மாற்றியமைத்து, நாள்தோறும் நடக்கச் சொன்னார். இப்போது மாலை வேளையில், வெயில் தாழ்ந்தபின், மகனின் தோளைப் பற்றிக்கொண்டு படகுத்துறை வரை அம்மையார் நடந்து வருவதைக் காண்கிறோம்.